உடைப்பதா, எடுப்பதா

தொண்ணூற்றாறாம் வருடம் பங்குனி மாதத்தில் ஒரு முற்பகல். தாராபுரத்தில் தன் பம்ப்செட் கடையில் ஒரு விவசாயிக்கு மோட்டார் காட்டிக்கொண்டிருந்த தனபால், பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் அப்படியே சிமெண்டுத் தரையில் படுத்துச் சுருண்டுவிட்டார். சேதி கேட்டு வீட்டிலிருந்து ஓடிவந்த தெய்வாத்தாள், நாற்பத்து நாலு வயதுப் புருஷன் பச்சைப்பிள்ளை மாதிரி முழங்காலை மார்போடு சேர்த்துக்கொண்டு வேர்த்துக் கிடப்பதைப் பார்த்து, மாரடைப்புதான் என்று முடிவு கட்டிவிட்டாள். ஆஸ்பத்திரியில் வலிக்கு ஊசி போட்டு, ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், "நெஞ்சுக்கு ஒண்ணுமில்லீங்க, இடது கிட்னில கல்லு" என்றபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

கல் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் இருந்தது. "இது தண்ணி குடிச்சாப் போற கல்லில்லீங்க. வாழைத்தண்டுச் சாறுக்கும் கரையாது. கோயமுத்தூரு போயிருங்க. முன்ன மாதிரி பக்கவாட்டுல கிழிக்கறதெல்லாம் இப்பக் கொறஞ்சு போச்சு, வேற வழியெல்லாம் வந்திருச்சு" என்றார் டாக்டர்.

அந்த வேற வழியெல்லாம் என்னென்ன என்று அவர் சொல்லவில்லை. தெய்வாத்தாளும் கேட்கவில்லை. கேட்கிற வேலை எப்போதும் தனபாலுடையது. கல்யாணமான இருபது வருடத்தில் அவள் எதையும் முடிவு செய்ததில்லை. வீட்டுக்கு என்ன நிறத்தில் சுண்ணாம்பு அடிப்பது, மகள் மோகனப்பிரியாவை எந்தக் காலேஜில் சேர்ப்பது, நோம்பிக்கு யார் யாரைக் கூப்பிடுவது, எல்லாம் அவர் சொல்வதுதான். அதில் அவளுக்குக் குறையும் இருந்ததில்லை. கடையிலும் அவர் அப்படித்தான். எந்த மோட்டார் நல்ல மோட்டார் என்று யாராவது கேட்டால், "கெணறு எத்தன ஆழமுங்க, தண்ணி எந்த மட்டத்துல நிக்குதுங்க, அதச் சொல்லாம எதுங்க நல்லதுன்னா என்னத்தச் சொல்றது?" என்று ஆரம்பித்து, வந்தவரை நன்றாகக் குழப்பி, கடைசியில் தான் நினைத்ததையே வாங்க வைத்து அனுப்பிவிடுவார்.

சித்திரை பிறந்ததும் இருவரும் கோயமுத்தூர் போனார்கள். முதலில் போனது ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரி. ஜெர்மனியிலிருந்து கல் உடைக்கிற மிஷின் வந்திருப்பதாக அங்கே வாசலிலேயே எழுதிப் போட்டிருந்தார்கள். டாக்டர் சிரித்த முகம். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டி, வெள்ளையாகத் தெரிந்த புள்ளியைப் பேனாவால் தட்டினார்.

"கத்தி கிடையாது, தையல் கிடையாது. மேசை மேல படுத்துக்குவீங்க. வெளியிலிருந்தே அதிர்வு குடுப்போம். உள்ள கல்லு பொடியாயிரும். பொடி ஒண்ணுக்கு வழியாத் தானா வந்திரும். காலைல வந்தா சாயங்காலம் வீடு."

"ஒரே தடவைல முடிஞ்சிருமுங்களா?" என்று கேட்டார் தனபால்.

"பெரும்பாலும் ரெண்டு தடவ. சிலருக்கு மூணு."

பணம் கட்டுமிடத்தில் பன்னிரண்டாயிரம் என்றார்கள். அது இரண்டு தடவைக்கு. மூன்றாவது வேண்டியிருந்தால் தனி. மருந்து தனி, எக்ஸ்ரே தனி.

வெளியே பெஞ்சில் அவர்களை மாதிரியே ஒரு தம்பதி எக்ஸ்ரே உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாள்தான் முதலில் பேச்சுக் கொடுத்தாள். பெயர் சூசைமேரி. உக்கடத்துப் பக்கம் வீடு. புருஷர் ஞானமுத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவருக்கும் இடது பக்கம்தான் கல், இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

"எங்களுக்கு இன்னொரு ஆஸ்பத்திரியும் சொல்லியிருக்காங்க அம்மணி. அங்க மிஷின் இல்லையாம். முதுகுல சின்னதா ஒரு ஓட்டை போட்டு, கொழா உட்டு, கல்ல உடைச்சு எடுத்துருவாங்களாம். ஒரே தடவைல சுத்தமாப் போயிருமாம். வாங்க, சேந்தே போய்க் கேட்டுட்டு வந்தறலாம்" என்றாள்.

ஓட்டை என்ற சொல் வந்ததும் தனபாலின் கை முதுகுக்குப் போனதைத் தெய்வாத்தாள் கவனித்தாள். அவர் அதைத் தெரிந்து செய்யவில்லை.

நால்வரும் ஒரே ஆட்டோவில் இரண்டாவது ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அந்த டாக்டர் அதிகம் சிரிக்காதவர். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி வெகுநேரம் பார்த்தார். "எங்ககிட்ட அந்த மிஷின் இல்லீங்க. அதனால நான் எங்க வழியத்தான் சொல்வேன்னு நீங்க நெனைக்கலாம். நெனைச்சுக்கிட்டே கேளுங்க" என்று ஆரம்பித்தார். முதுகு வழியாக எடுத்தால் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு ஒரே தடவையில் கல் போய்விடும். ஆனால் மயக்க ஊசி உண்டு, ஐந்தாறு நாள் படுக்கை உண்டு, இரண்டு நாள் முதுகில் குழாய் இருக்கும், சிலருக்கு ரத்தம் ஏற்ற வேண்டி வரலாம். செலவு பதினெட்டாயிரம், அறை வாடகையும் மருந்தும் அதிலேயே அடக்கம். மிஷினில் இந்த ஆபத்தெல்லாம் குறைவு. ஆனால் முழுதும் போகும் என்று சொல்ல முடியாது.

"அப்ப எதுங்க டாக்டர் நல்லது?" என்றார் ஞானமுத்து.

"அது கல்லு எங்க உக்காந்திருக்குதுங்கறதப் பொறுத்ததுங்க. உங்க ஒடம்பையும் பொறுத்தது. எதுக்குத் துணிவீங்கங்கறதையும் பொறுத்தது."

தன் கடையில் தான் சொல்வதையே யாரோ தனக்குத் திருப்பிச் சொன்னதுபோல் தனபால் அவரைப் பார்த்தார். வெளியே வந்ததும் தெய்வாத்தாளிடம், "அவங்கவங்க கடைல என்ன சரக்கு இருக்குதோ அதத்தான் காட்டுவாங்க. இந்த மனுசன் அதயும் சொல்லிப்போட்டுக் காட்டறாரு, அவ்வளவுதான்" என்றார். சற்று நேரம் கழித்து, "எனக்கு ஒண்ணும் ஓடலே. நீயே ஒண்ணச் சொல்லிப்போடு அம்மணி" என்றார்.

அவள் விளையாட்டு என்றுதான் நினைத்தாள். ஊர் வந்து சேர்ந்த பிறகும் அவர் அதையேதான் சொன்னார். கடையில் யாராவது விசாரித்தால், "ஊட்டுக்காரி பாத்துச் சொல்றேன்னிருக்கறா" என்றார். எட்டாவது வரை படித்த தெய்வாத்தாளின் தலையில் ஒரு கிட்னி வந்து உட்கார்ந்தது.

பிறகு அவள் கேட்காத ஆளில்லை. சத்தியமங்கலத்திலிருந்து வந்திருந்த அவள் அண்ணன் பாலுசாமி, "மிஷினெல்லாம் ஏமாத்து வேல. எங்க மாமனாரு பழைய முறைல கிழிச்சு எடுத்தாரு. இன்னைக்கும் குத்துக்கல்லாட்ட இருக்கறாரு" என்றார். அந்த மாமனாரால் ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியாது என்று அண்ணி உள்ளே வந்து மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். பால் ஊற்றுகிற நஞ்சம்மாளின் தம்பிக்கு மிஷினில் ஒரே தடவையில் கல் போயிருந்தது. உரக்கடை கோவிந்தராஜுலுவுக்கு அதே மிஷினில் மூன்று தடவைக்குப் பிறகும் பாதி அப்படியே நின்றிருந்தது. ஒருவர் கல் சின்னது, ஒருவர் கல் பெரியது; ஒருவருக்கு மேலே, ஒருவருக்குக் கீழே. அதையெல்லாம் யாரும் சேர்த்துச் சொல்லவில்லை. போச்சு என்றார்கள், அல்லது போகவில்லை என்றார்கள்.

பன்னிரண்டும் பதினெட்டும் கூட அவளுக்கு நேராக நிற்கவில்லை. பன்னிரண்டில் மருந்தைச் சேர்த்தால் பதினாலு ஆகிறது. போய்வரக் கார் வாடகையைச் சேர்த்தால் பதினாறைத் தொடுகிறது. அந்தப் பக்கம் பதினெட்டு என்றால் பதினெட்டேதான், ஆனால் உடம்பு தேறும்வரை கடை ஒரு மாதம் மூடிக் கிடக்கும். மூடிய கடைக்கு என்ன விலை என்று அவளுக்குப் போடத் தெரியவில்லை. ரத்தம் ஏற்ற வேண்டி வரலாம் என்றாரே, அந்த 'வரலாம்' எந்தக் கணக்கில் சேரும் என்றும் தெரியவில்லை.

கடைசியில் அவள் மிஷின் என்று சொன்னாள். ஏன் என்று அண்ணன் கேட்டதற்கு, சிலவு கம்மி, சீக்கிரம் கடை திறக்கலாம் என்று பதில் வைத்திருந்தாள். முதுகுக்குப் போன அந்தக் கையைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை.

முதல் தடவை போனபோது அவளை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் டக், டக் என்று ஒரே சீராகச் சத்தம் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவளுடைய விலா துடித்தது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு தனபால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே நடந்து வந்தார். "அவ்வளவுதானா அம்மணி? ரப்பர் பேண்டுல சுண்டறாப்பல இருந்துச்சு" என்றார். இடுப்புக்கு மேலே தோல் சிவந்திருந்தது. சாயங்காலம் ஊர் திரும்பும் வழியில் பல்லடத்தில் இறங்கித் தோசை சாப்பிட்டார். மறுநாள் வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பார்த்தபோது பழுப்பு நிறத்தில் மணல் மணலாக நின்றது. தெய்வாத்தாள் அதை வெயிலில் காயவைத்து ஒரு காலி மருந்துப் புட்டியில் போட்டாள். பார்க்க வந்தவர்களிடம் தனபால் அந்தப் புட்டியைக் காட்டி, "எல்லாம் இவ ரோசனதானுங்க" என்றார். அவளுக்கு முகம் பூரித்தது.

இரண்டாவது தடவையும் அப்படியே நடந்தது. மூன்றாவது முடிந்து நாலைந்து நாளில் வைகாசி வெயில் நடுவே அவருக்குக் குளிர் வந்தது. இரண்டு கம்பளி போர்த்தியும் பல் கிட்டியது. பழைய வலி, முன்னைவிடக் கடுமையாக, இடுப்பிலிருந்து அடிவயிற்றுக்கு இறங்கியது. வாடகைக் காரில் படுக்க வைத்துக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனார்கள். அவரைப் பார்க்க வந்திருந்த பாலுசாமி முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "அன்னைக்கே ஒரேயடியா எடுத்திருந்தா இந்தப் பாடு உண்டா? ரெண்டாயிரம் மிச்சம் புடிக்கப் போயி..." என்று தொடங்கினார். தெய்வாத்தாள் புருஷனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் வந்தாள். தனபாலும் கண்ணைத் திறக்கவில்லை. அவர் ஒரு வார்த்தை, இல்லை என்றாவது சொல்லமாட்டாரா என்று அவளுக்கு இருந்தது.

உடைந்த துண்டுகள் சிறுநீர் இறங்குகிற குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசைகட்டி நின்றுவிட்டன என்றார் டாக்டர். "ரயில்வே கேட்டு மூடுனா லாரி நிக்குமில்லீங்களா, அந்த மாதிரி. அதுக்கு மேல தண்ணி தேங்கிச் சீழ் புடிக்கப் பாக்குது. இப்பவே அடைப்ப எடுக்கோணும்." முதலில் சிறுநீர் வழியாகவே உள்ளே ஒரு மெல்லிய குழாயை வைத்தார்கள். காய்ச்சல் இறங்கிய பிறகு, அதே வழியாகச் சின்ன டெலஸ்கோப்பை விட்டுத் துண்டுகளை எடுத்தார்கள். மயக்க ஊசி போட்டார்கள். எட்டு நாள் படுக்கை ஆயிற்று. வேண்டாம் என்று எதையெல்லாம் ஒதுக்கினாளோ அதெல்லாம் வேறு வாசல் வழியாக வந்து சேர்ந்தது. செலவு பன்னிரண்டில் ஆரம்பித்து இருபத்தாறில் போய் நின்றது.

ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. கடையிலிருந்து மகளுக்குப் பேசி முடித்த தெய்வாத்தாளுக்குச் சூசைமேரியின் நினைவு வந்தது. அவர்கள் பக்கத்து வீட்டு டெலிபோன் நம்பரை முன்பே வாங்கி வைத்திருந்தாள். மிஷின் என்று முடிவானதும் ஒருமுறை பேசியதில், அவர்கள் முதுகு வழியாகவே எடுக்கப்போவது தெரிந்திருந்தது. கூப்பிடப் போனவர்கள் சூசைமேரியை அழைத்துவரும் வரை ரிசீவரைக் காதிலேயே வைத்திருந்தாள்.

"அக்கா, நீங்க செஞ்சதுதானுங்க சரி. நாந்தான் கெடுத்துப்போட்டேன்" என்றாள், குரல் கேட்டதும்.

"எதும்மா சரி?" என்றாள் சூசைமேரி. "பள்ளிக்கூட லீவுல முடிச்சறலாம்னு போன மாசம் பண்ணுனோம். கல்லு பூராம் வந்திருச்சு, அது நெசந்தான். ஆனா நாலாம் நாளு கொழா எடுத்ததுக்கப்பறம் ரத்தம் நிக்கவேயில்ல. மூணு பாட்டில் ஏத்துனாங்க. மறுபடியும் உள்ள கொண்டுபோயிட்டாங்க. சர்ச்சுல எல்லாரும் முட்டி போட்டு செபம் பண்ணுனாங்க. நான் வெளிய உக்காந்து உங்களத்தான் நெனைச்சுக்கிட்டேன். அந்த அம்மணி புத்திசாலி, மிஷின்ல போயிட்டாங்க, அவங்க இந்நேரம் நிம்மதியா ஊட்டுல இருப்பாங்கன்னு."

மீட்டரில் எண் ஏறிக்கொண்டே இருந்தது. "அக்கா, காசு ஓடுதுங்க, வெக்கட்டுங்களா?" என்று தெய்வாத்தாள்தான் பேச்சை முடித்தாள். வெளியே வந்து நின்றவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது, சிரிப்பும் வரும்போல் இருந்தது. நான் அவளைப் பார்த்துப் பெருமூச்சு விட, அவள் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டிருக்கிறாள். அப்படியானால் சரியான வழியில் போனவர்கள்தான் யார்?

ஆவணியில் கடைசிப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அன்று காலையில் இருவரும் முதலில் உக்கடத்துக்குப் போய் ஞானமுத்து வீட்டைத் தேடிப்பிடித்தார்கள். குளத்துக்கு அந்தப் பக்கம் ஓட்டு வீடு. வாத்தியார் இளைத்திருந்தார். ஆனால் குரலில் தெம்பு இருந்தது. ஆண்கள் இருவரும் உட்கார்ந்ததும் உட்காராததுமாகக் கல்லைப் பற்றித்தான் பேசினார்கள்.

"எனக்கு மொத்தம் இருபத்தேழுங்க, ரத்தத்தோட சேத்து" என்றார் ஞானமுத்து.

"எனக்கு இருபத்தாறு. கார் வாடக சேத்தா இருபத்தெட்டு."

"கடை எத்தன நாளு மூடிக் கெடந்துச்சு?"

"அதச் சேக்கக்கூடாதுங்க. உங்களுக்கு லீவு, எனக்கு வியாபாரம். ரெண்டும் எப்படி ஒண்ணாகும்?"

"அப்பக் கல்லயும் சேக்கக்கூடாது. அன்னைக்கு ரெண்டு படத்தயும் மாட்டுனப்பப் பாத்தேன், என்னோடது நடுவுல இருந்துச்சு, உங்களது அடில இருந்துச்சு" என்றார் கணக்கு வாத்தியார். "ரெண்டு பின்னத்தக் கூட்டோணும்னா கீழ இருக்கற எண்ணு ஒண்ணா இருக்கோணும். இங்க ஒண்ணுமே ஒண்ணா இல்ல. விட்டுப்போடுங்க."

சூசைமேரி சோறு போட்டாள். தெய்வாத்தாள் சமையலறையில் அப்பளம் பொரித்துக் கொடுத்தாள். கிட்னியைப் பற்றி இருவரும் பேசவில்லை. மகள்களைப் பற்றிப் பேசினார்கள். ஆண்கள் மட்டும் ஆளுக்கொரு செம்பு தண்ணீரை முன்னால் வைத்துக்கொண்டு, யார் முதலில் முடிப்பது என்பதுபோல் குடித்துக்கொண்டே இருந்தார்கள்.

மத்தியானம் ஆஸ்பத்திரியில் புதுப் படத்தை மாட்டிப் பார்த்த டாக்டரின் முகத்தில் பழைய சிரிப்புக் கொஞ்சம் குறைந்திருந்தது. "நல்லா இருக்கு. கொழா சுத்தமா இருக்கு. கிட்னியும் நல்லா வேல செய்யுது. ஆனா அடிப்பக்கம் ஒரு துண்டு நிக்குது. அரை சென்டிமீட்டருக்கும் சின்னது."

"அது ஏனுங்க வரலே?" என்று தெய்வாத்தாள் கேட்டாள். அந்த அறையில் அவள் வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அது.

"கல்லு கிட்னில அடிக்கிண்ணத்துல இருந்துச்சுங்க. பொடி மேல ஏறித்தான் வெளிய வரோணும். எல்லாருக்கும் ஏறாது."

"அது முன்னாலயே உங்களுக்குத் தெரியாதுங்களா டாக்டர்?"

டாக்டர் பேனாவை மூடித் திறந்தார். "தெரியுமுங்க. உங்க வீட்டுக்காரரு மாதிரி பத்துப் பேரு வந்தா ஆறு பேருக்கு முழுசாப் போயிருது. நாலு பேருக்கு நிக்குது. அந்த ஆறுல இவரு ஒருத்தரா, நாலுல ஒருத்தராங்கறதுதான் தெரியாது. நான் இன்னுங் கொஞ்சம் வெவரமாச் சொல்லியிருக்கோணும், அது நெசந்தான்."

அவர் மேலே சொன்னார். அந்தத் துண்டைச் சும்மா விடலாம், வருடம் ஒருமுறை படம் எடுத்துப் பார்த்துக்கொண்டால் போதும். பலருக்குக் காலம் முழுக்க அப்படியே கிடக்கும், சிலருக்கு வளரும். அல்லது இன்னொரு தடவை மிஷினில் வைக்கலாம். அல்லது, வேண்டுமானால், முதுகு வழியாகவே போய் எடுத்துவிடலாம். "என்ன பண்ணலாமுங்க?" என்று முடித்தார்.

தனபால் மெதுவாகத் தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தார். சித்திரை மாதத்தில் பார்த்த அதே பார்வை. கார் முன்சீட்டிலிருந்து அண்ணன் பேசியதும், மடியில் கண்ணை மூடிக் கிடந்த இந்த முகமும் தெய்வாத்தாளுக்கு நினைவு வந்தன. கோபம் என்று சொல்ல முடியாது. ஆனால் நெஞ்சில் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது.

"உங்க ஒடம்புங்க. நீங்களே சொல்லுங்க" என்றாள்.

"இல்ல, நீயும் ஒரு வார்த்த..."

"எனக்குத் தெரிஞ்சது அன்னைக்குச் சொன்னேனுங்க. இன்னைக்கு நீங்க சொல்லுங்க. எப்படி வந்தாலும் நான் ஒண்ணும் பேசமாட்டேன்."

தனபால் படத்தைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். ஆயிரம் பேருக்கு மோட்டார் தேர்ந்து கொடுத்த மனிதர், தொண்டையைக் கனைத்துக்கொண்டு சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். அவர் நெற்றி வேர்ப்பதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். உதவிக்குப் போகவில்லை.

"இருக்கட்டுமுங்க டாக்டர்" என்றார் கடைசியில். "அது பாட்டுக்குக் கெடக்கட்டும். வருசா வருசம் வந்து பாத்துக்கறேன்."

டாக்டர் சீட்டில் ஏதோ எழுதிக் கொடுத்தார். இருவரும் வெளியே வந்தார்கள். மழை தூறி விட்டிருந்தது. சாலையோரத்தில் தேங்கியிருந்த தண்ணீரைச் சுற்றிக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள். தெய்வாத்தாள் எப்போதும் அவருக்கு இரண்டடி பின்னால் வருகிறவள். இன்று அவர் மெதுவாக நடந்ததால் பக்கத்திலேயே நடக்க வேண்டியிருந்தது.

"அன்னைக்குக் கார்ல உங்கண்ணன் பேசறப்ப எனக்குக் காது கேட்டுது" என்றார் தனபால், சாலையைப் பார்த்தபடி. "ஒண்ணு சொல்லியிருக்கோணும். சொல்லலே."

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் அவர் நின்றார்.

"ஏந் தெய்வா, நாஞ் சொன்னது செரிதானா?"

அவள் யோசித்தாள். சரி என்று சொல்லலாம், மனுசன் தூங்குவார். தப்பு என்றும் சொல்லலாம். அந்தத் துண்டு காலம் முழுக்கச் சும்மா கிடக்குமா, அடுத்த பங்குனியில் எழுந்து வருமா என்று டாக்டருக்கே தெரியவில்லை.

"தெரியலீங்க" என்றாள்.

தனபால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எனக்கும் தெரியலே அம்மணி" என்றார். பல்லடம் வழியாகப் போகிற பஸ் தூரத்தில் திரும்புவது தெரிந்தது. அவர் கையைக் காட்டி நிறுத்தினார். உட்கார ஒரே ஒரு இடம்தான் காலியாக இருந்தது. நீ உட்கார், நீங்கள் உட்காருங்கள் என்று இருவரும் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சூலூர் வந்துவிட்டது.